பாறை வார்க்கும் ரப்பர் அச்சு: நீலகிரிக்கு ஒத்துவருமா?

நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் பகுதியை 1:87 அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். 12 மி.மீ. இடைவெளித் தண்டவாளம் தயார், பக்கத்தில் பாறை வேண்டுமே! அதற்காக இணையத்தில் வரவழைத்த வெளிநாட்டு ரப்பர் அச்சுகள் இவை, பெரிதும் சிறிதுமாக. விலையும் சுங்கமும் சேர்ந்து கையைக் கடித்தன.

அச்சின் நுணுக்கத்தில் குறை சொல்ல முடியாது. மயிரிழை விரிசல்கூட அப்படியே பதிகிறது. உள்ளே சோப்புத் தண்ணீர் தெளித்தால் வார்ப்பு ஒட்டாமல் கழன்று வரும். இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும்; மாற்றிச் செய்தால் கட்டி தட்டிவிடும். பிளாஸ்டர் இறுகும்போது கை பொறுக்கும் அளவுக்குச் சுடும். அந்தச் சூடு அடங்கட்டும். அவசரப்பட்டு உரித்தால் முனைகள் உடையும்.

என் மனக்குறை வடிவத்தில்தான். எல்லாம் அடுக்கடுக்கான படிவுப் பாறைகள். நீலகிரியில் இருப்பதோ சார்னோகைட்: அடுக்கு தெரியாத, மழுங்கிய கரும்பாறை. எத்தனை முறை கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துத் தொட்டுவைத்தாலும் அமெரிக்காவின் அரிசோனா பள்ளத்தாக்குதான் எட்டிப் பார்க்கிறது!

அமெரிக்க மலைப்பாதை செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நம் மலைக்கு, நல்ல கருங்கல் ஒன்றின் மேல் ரப்பர் பாலைப் பல பூச்சாகப் பூசிக் காயவைத்து உரித்தெடுத்த அச்சே மேல், செலவும் குறைவு. பெரிய அச்சை விற்றுவிடப்போகிறேன். சிறியது மட்டும் இருக்கட்டும், ஓடைக்கரைச் சில்லுகளுக்கு ஆகும்.