1966 எம்ஜிபி காரின் இக்னிஷன் வயரிங்: ஆக்ஸ்ஃபோர்டுஷர் பட்டறை ஒன்றின் பணி குறித்த மதிப்புரை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரென்று தடுமாறுவதும், சற்று நேரத்தில் ஒன்றும் நடவாதது போலச் சீராகிவிடுவதும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நன்கறிந்த தொல்லை. என்னுடைய 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரில் இந்தத் தொல்லை முற்றியபோது, அந்தக் கார் உருவான ஆபிங்டனிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு சிறு பட்டறையில் அதை ஒப்படைத்தேன். உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் அங்கு வேலை நடந்த முறையை விரிவாகவே சொல்ல வேண்டும்.

இதே பழுதுக்காக வேறு இடங்களில் காயில் (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உருவாக்கும் சுருள்), கண்டென்சர், ஸ்பார்க் பிளக், பிளக் வயர் என்று பலவும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன. இந்தப் பட்டறையிலோ எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரைத்தான் எடுத்தார்கள். அதிலும் அளந்த விதம் முக்கியமானது. பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பகிர்ந்தளிக்கும் டிஸ்டிரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) திறந்திருக்கும்போது காயிலுக்கு வரும் மின்னழுத்தத்தை அளந்தால், வயரில் மின்னோட்டமே இல்லாததால், இணைப்புகள் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் மீட்டர் பேட்டரியின் முழு வோல்ட்டையும் காட்டும். அதைப் பார்த்து வயரிங் நலமாக இருப்பதாக முடிவு கட்டுவோர் ஏராளம். இவர்கள் எஞ்சினைக் கையால் திருப்பி, பாயிண்ட் மூடிய நிலையில் நிறுத்தி அளந்தார்கள். பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்க, காயிலை வந்தடைந்தது 9 வோல்ட்டுக்குச் சற்று மேல் மட்டுமே. காயிலின் மின்தடை ஏறத்தாழ 3 ஓம் என்பதால், வழியில் ஒரே ஒரு ஓம் கூடினாலும் மின்னோட்டம் கால் பங்கு குறைந்துவிடும். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எத்தனை புதிய பிளக் போட்டாலும் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

இழப்பு எங்கே என்று தேடியபோது டாஷ்போர்டுக்குப் பின்னால் அது அகப்பட்டது. இந்த ஆண்டு மாடலில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை வயர் நேராகக் காயிலுக்குப் போவதில்லை. எஞ்சின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் பின்புறம் ஒரு வளையமாகச் சுற்றிச் சென்ற பிறகே காயிலை அடைகிறது; அந்த வயரில் ஓடும் மின்னோட்டத்தின் துடிப்புகளை உணர்ந்துதான் அந்த மீட்டர் இயங்குகிறது. ஆகவே அந்த வளையத்தின் முனைகளில் உள்ள புல்லட் இணைப்புகள் (குழலுக்குள் செருகும் உருளை முனைகள்) தளர்ந்தால் முள் ஆடுவதோடு நிற்காது, எஞ்சினும் தடுமாறும். என் காரில் அந்த இணைப்புக் குழல் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டித் துடைத்துவிட்டு மீண்டும் செருகாமல், வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புதிய பித்தளை புல்லட்டுகளைப் பற்றவைத்து, புதிய குழல்களில் சேர்த்தார்கள். இந்தச் சுற்றுக்கு ஃபியூஸ் கிடையாது என்பதால், மேலுறை வெடித்திருந்த சிறு பகுதியையும் அதே நிறத்தில், அதே பருமனில் புது வயராக மாற்றியது சரியான முடிவு.

டிஸ்டிரிபியூட்டருக்குள் இருந்தது இதைவிட நுட்பமான பழுது. லூகாஸ் 25டி4 டிஸ்டிரிபியூட்டரில் பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டு, எஞ்சினின் உறிஞ்சலால் உண்டாகும் வேக்யூம் மாறும்போதெல்லாம் சிறிது திரும்பும். அதனுடன் சேர்ந்து உள்ளிருக்கும் குட்டை வயரும் ஓயாமல் வளைந்து நிமிரும். பல ஆண்டுகளில் மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே இழைகள் அறுந்துவிடுகின்றன. கைப் பம்பினால் வேக்யூம் கொடுத்துக்கொண்டே மீட்டரைக் கவனித்து, தட்டு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போவதை எனக்கே காட்டினார்கள். கார் சில வேளைகளில் மட்டும் தடுமாறியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வயரையும், தட்டை டிஸ்டிரிபியூட்டரின் உடலோடு இணைக்கும் எர்த் வயரையும் நுண்ணிழைகள் கொண்ட புதியவற்றால் மாற்றினார்கள். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலமாக வைக்கப்பட்டது.

மூன்றாவதாக ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். 1967இல் மார்க் 2 மாடல் வரும் வரை எம்ஜிபி கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. முன்பு காயிலை மாற்றியவர் இதைக் கவனிக்காமல், இன்றைய கார்களின் வழக்கப்படி பிளஸ் முனையில் சுவிட்ச் வயரை இணைத்திருக்கிறார். இப்படிப் பாசிட்டிவ் எர்த் உள்ள காரில் மைனஸ் முனைக்குத்தான் சுவிட்ச் வயர் வர வேண்டும். பிளஸ் முனை டிஸ்டிரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாறியிருந்தாலும் எஞ்சின் ஓடும் என்பதால் இந்தத் தவறு எளிதில் வெளிப்படாது. ஆனால் பிளக்கில் தீப்பொறி பாய்வதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும்.

வேலை முடிந்த பின் காயில் வரையிலான இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்திருந்தது. முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைக் கையால் எழுதிய ஒரு தாளில் தந்தார்கள். பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தலாமா என்று நான் கேட்டபோது, பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்த தொகுதிகளும் கிடைக்கும் என்று சொன்ன அவர்கள், என்னை அதை வாங்க வைக்க முயலவில்லை. அவர்கள் செய்ததே சரி. குறைந்த வோல்ட் வரும் வயரில் எந்தத் தொகுதியைப் பொருத்தினாலும் பழுது அப்படியேதான் இருந்திருக்கும்.

குறைகளும் உண்டு. டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர்க் கட்டைச் சாதாரண ஒட்டும் பி.வி.சி. டேப்பால் சுற்றியிருக்கிறார்கள், வெப்பத்தில் அந்தப் பசை இளகி வழியும் என்பதால், பசையில்லாத டேப்பையே பயன்படுத்தியிருக்க வேண்டும். வேலையைத் தொடங்க நெடுநாள் காக்க வைத்தார்கள். இடையில் தகவல் சொல்லவும் இல்லை. கூலி மணிக்கணக்கில் வசூலிக்கப்படுவதால், பழுதைத் தேடும் நேரத்துக்கும் பணம் தர வேண்டும். மாற்றிய பாகங்களின் விலையோ மிகச் சொற்பம். அப்படியும் வயரிங் ஹார்னஸ் (காரின் வயர்த் தொகுப்பு) முழுவதையும் மாற்றும் செலவில் இது சிறு பகுதிதான்.

அங்கே போக நினைப்பவர்கள் இணைப்புகளைச் சுத்தம் செய்துவிட்டுக் காரைக் கொண்டுபோக வேண்டாம். கழற்றி மாட்டிய இணைப்பு சில நாள் ஒழுங்காக வேலை செய்யும். அந்த நாள்களில் மீட்டரில் எந்தப் பழுதும் தெரியாது.