கட்டுரைப் போட்டியா, பேச்சுப் போட்டியா: கல்லூரி மாணவர் எதற்குப் பெயர் கொடுக்கலாம்?

தமிழ் வளர்ச்சித் துறையின் மாவட்டப் போட்டிச் சுற்றறிக்கை வந்ததும் மதுரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை வாசலில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். எங்கள் துறைத்தலைவர் ஒருவரை ஒரு போட்டிக்குத்தான் அனுப்புவார். நான் கட்டுரைக்குப் பெயர் கொடுத்தேன். இப்போது கல்லூரியில் படிக்கும் என் தம்பிக்கும் அதையே சொல்கிறேன்.

பரிசுத் தொகையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. கவிதை, கட்டுரை, பேச்சு மூன்றுக்கும் மாவட்ட அளவில் ஒரே தொகைதான்: 10,000, 7,000, 5,000 ரூபாய். முதலிடம் பிடித்தால் மாநிலப் போட்டி. வாய்ப்புகளின் எண்ணிக்கையில் பேச்சு முந்துகிறது. அண்ணா, அம்பேத்கர் என்று தலைவர்களின் பிறந்தநாளையொட்டி நடப்பவை பெரும்பாலும் பேச்சுப் போட்டிகளே. பெயர் கிடைப்பதிலும் பேச்சுதான் மேல். இது பட்டிமன்ற ஊர். அமெரிக்கன் கல்லூரியில் பாடம் நடத்திய சாலமன் பாப்பையாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. நன்றாகப் பேசும் மாணவரைத் திருவிழா மேடைக்குக் கூப்பிடுவார்கள். எழுதுபவரைத் தேடி யாரும் வருவதில்லை.

இவ்வளவும் தெரிந்தே கட்டுரையைச் சொல்கிறேன் என்றால், போட்டி முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதால்தான்.

தலைப்பு முன்கூட்டியே தெரிந்த பேச்சுப் போட்டிக்கு என்ன நடக்கிறது? ஐயா எழுதிக் கொடுக்கிறார், மாணவர் மனப்பாடம் செய்கிறார். எந்த வரியில் குரலை உயர்த்துவது, எங்கே கை நீட்டுவது என்பதுவரை ஒத்திகை. போட்டி முடிந்து சில மாதங்களில் அந்த வரிகள் மறந்துபோகின்றன. அவை அவருடைய வரிகளே இல்லை.

அரங்கில் தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னால் மனப்பாடம் கைகொடுக்காது. ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்று தலைப்பு வந்தால், ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்கலாம். அது முதல் வரிக்குத்தான் ஆகும். உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் 2004இல் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டது என்பதும், கண்மாய் சுருங்கினால் மழைத்தண்ணீர் எந்தத் தெருவுக்குள் புகும் என்பதும் தெரிந்திருந்தால்தான் இரண்டாம் பக்கம் நகரும். அதற்காகவே புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நண்பர்கள் சேர்ந்து உட்காருவோம். ஒரே தலைப்புக்கு ஆதரவாக ஒரு பக்கம், எதிராக ஒரு பக்கம் எழுதிப் பார்ப்போம்.

அப்படி எழுதிய ஒரு தாளை எங்கள் தமிழம்மா வாங்கிப் படித்தார். முதல் இரண்டு பத்திகளின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டார். “மூணாவது பத்தியிலதாம்ப்பா நீ சொல்ல வந்ததே ஆரம்பிக்குது” என்றார். கல்தோன்றி மண்தோன்றாக் காலம் முதலான அடைமொழிகள் எல்லாம் அந்தக் கோட்டில் அடிபட்டுப் போயின. பேச்சில் அதே அடைமொழிகளுக்குத்தான் கைதட்டல் விழும் என்பதால், அவை தேவையா என்று கேட்க ஆளிருக்காது. இன்று குரூப் 2 முதன்மைத் தேர்வின் விரித்தெழுதும் தாளுக்குத் தயாராகும்போது, எனக்கு நேரத்தை மிச்சப்படுத்துவது அந்தச் சிவப்புக் கோடுதான்.

கட்டுரையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: எழுதிய தாள் திரும்பிக் கைக்கு வராது. எங்கே மதிப்பெண் போனது என்று பார்க்க வழியில்லை. பேச்சில் மற்றவர்கள் பேசுவதை அங்கேயே கேட்டு நம் இடத்தைக் கணித்துவிடலாம். ஆங்கிலப் போட்டிகள் பக்கம் நான் போனதில்லை. அங்கே இந்தக் கணக்கு மாறலாம்.

ஒன்று மட்டும். மேடை ஏறினால் குரல் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளை, பயம் தெளியட்டும் என்று பேச்சுக்கு அனுப்புகிறார்கள். அந்த நோக்கம் நல்லதுதான், சிலருக்குத் தெளிந்ததையும் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பேச்சுக்கே அனுப்புங்கள். பேசப்போவதை அவர்களே எழுதட்டும்; ஐயா திருத்திக் கொடுத்தால் போதும்.