ஒரே தோட்டம், நான்கு ஆண்டுகள்: மெடோக் வைனும் வன்னி வெயிலும்

பாரிஸில் இருக்கும் மச்சானும் அக்காவும் ஆடி மாதம் வவுனியாவுக்கு வந்தபோது, பிரான்ஸின் போர்தோ பிரதேசத்தில், மெடோக் பகுதியிலுள்ள நடுத்தரமான ஒரு தோட்டத்தின் சிவப்பு வைனில் 2005, 2009, 2010, 2013 ஆகிய அறுவடை ஆண்டுகளுக்கு ஒவ்வொரு போத்தலாக நான்கு கொண்டுவந்தார்கள். அவை வாங்கிய நாள் முதல் மச்சானின் குடியிருப்பு நிலவறையில் குளிர்ச்சியாகக் கிடந்தவை. ஐந்தாவது போத்தல் என்னிடம் இருந்தது. அதுவும் 2010தான், இரண்டு வருடங்களுக்கு முன் அவரே தந்தது. நல்ல நாள் ஒன்றுக்கென்று எடுத்து வைத்த அந்தப் போத்தல், அதுவரை எங்கள் வீட்டு அலுமாரியில் உடுப்புகளோடு இருந்தது.

பயணத்தில் கலங்கிய மண்டி அடியில் இறங்குவதற்காகப் போத்தல்களை ஐந்து நாட்கள் நிமிர்த்தி வைத்தோம். இருட்டிய பிறகு முற்றத்தில், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் கழித்து, ஆட்டிறைச்சிக் கறியோடும் இடியப்பத்தோடும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். சுவைத்தவர்கள் மச்சான், நெற்செய்கைக்காரரான பெரியண்ணன், நான் ஆகிய மூவர்.

முதலில் 2013. போர்தோவில் அந்த ஆண்டு வசந்தம் குளிரும் மழையுமாகக் கழிந்ததால் கொடிகள் சரியாகப் பூக்கவில்லை. அறுவடை நெருங்கிய வேளையில் ஈரத்தினால் பூஞ்சை பிடித்துப் பழங்கள் அழுகத் தொடங்கவே, முற்றும் கனிவதற்குள் பலர் பறித்துவிட்டார்கள். மச்சான் இதை விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போதே, காலபோக அறுவடைக்கு வந்த நேரத்தில் மழை விழுந்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும் என்ற பயத்தில் பச்சையாக வெட்டிய நெல்லைப் போன்றது இது என்று அண்ணன் சொன்னார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. நிறம் மெல்லியது, புளிப்பு முன்னே நிற்கிறது, விழுங்கிய பின் வாயில் எதுவும் தங்கவில்லை. இதை இனி வைத்திருந்து பயனில்லை. ஆனால் அதே ஈரமும் அதே பூஞ்சையும் தெற்கே சோத்தேர்ன் பகுதியின் இனிப்பு வெள்ளை வைனுக்கு நன்மை செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு கெட்டது என்று பிரதேசம் முழுவதற்குமாகத் தீர்ப்பெழுதிவிட முடியாது.

2009 வெயில் ஆண்டு. பழம் நன்றாகக் கனிந்திருந்தது என்பதை முதல் மிடறே சொல்லிவிடுகிறது. நன்கு பழுத்த நாவற்பழத்தின் மணம், அதன் பின்னால் புதிதாக அரிந்த பலகையின் வாசம், நாவின் ஓரங்களில் மட்டும் மென்மையான கயர்ப்பு. ஆட்டுக்கறியின் உறைப்புக்கும் எண்ணெய்க்கும் ஈடுகொடுத்தது இது ஒன்றுதான். இன்றைக்கே குடிப்பதற்கு ஐந்திலும் எதை எடுப்பீர்கள் என்று கேட்டால், தயங்காமல் 2009 என்பேன்.

நிலவறையிலிருந்து வந்த 2010 வேறு பிறவி. அந்தக் கோடை வறண்டிருந்தாலும் இரவுகள் குளிர்ந்திருந்ததால் பழத்தில் இனிப்போடு புளிப்பும் குறையாமல் நின்றது, தோலும் தடித்தது. அதனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நிறம் கறுத்த சிவப்பாகவே இருக்கிறது. முதல் மிடறில் கயர்ப்பு முரசைப் பிடித்து இறுக்கியது. கபர்னே சொவிஞ்ஞோன் திராட்சை மிகுந்த மெடோக் வைன்களின் இயல்பு இது; காலம் செல்லச் செல்ல அந்தக் கயர்ப்புச் சத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி மண்டியாகப் படிய, வைன் இளகுகிறது. இந்தப் போத்தல் இன்னும் அந்தப் பாதையின் நடுவில்தான் நிற்கிறது.

அடுத்து அலுமாரியில் இருந்த 2010. மேலுறையை உரித்ததும் தக்கை நூலளவு மேலே தள்ளியிருந்தது தெரிந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒட்டும் பிசுபிசுப்பு. வெக்கையில் உள்ளிருந்த வைன் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. இரண்டு கிளாஸ்களையும் வெள்ளைத் துணியின் முன் பிடித்துப் பார்த்தோம்: ஒன்று கறுத்த சிவப்பு, மற்றதன் விளிம்பு செங்கல் நிறம். மணம் அவித்த முந்திரிகை வற்றலும் தீய்ந்த சர்க்கரையும் போல இருந்தது. வாயில் பழமும் இல்லை, கயர்ப்பும் இல்லை. தட்டையான புளிப்பு மட்டுமே. ஒரே தோட்டம், ஒரே ஆண்டு, ஒரே கடையில் வாங்கிய போத்தல்கள். 12 முதல் 14 பாகை வரையான குளிர்ச்சியில் பல்லாண்டு உறங்க வேண்டிய வைன், 30 பாகைக்கு மேற்பட்ட வன்னி வெக்கையில் இரண்டே வருடங்களில் கிழண்டுவிட்டது. 2010ஐப் போன்ற வலிய ஆண்டே தாங்கவில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது.

2005ஐப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் வறண்ட ஆண்டு. பேர்பெற்ற பெருந்தோட்டங்களின் 2005 இன்னும் காத்திருக்கும் என்கிறார்கள், ஆனால் இந்தச் சிறிய தோட்டத்தினது முதிர்ந்து நிறைந்துவிட்டது. முதல் மழை விழுந்த மண்ணும் காய்ந்த புகையிலையுமாக மணத்தது. அழகான வைன்தான், என்றாலும் கறியோடு அதன் மெல்லிய குரல் அமுங்கிப்போனது. தனியாக, மெதுவாகக் குடிக்க வேண்டியது.

பழைய அரிசி நல்லது, பழைய சாராயம் நல்லது என்ற கணக்கில் வைனையும் சேர்த்து, வெளிநாட்டிலிருந்து வந்த போத்தலை வருடக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைக்கும் வீடுகள் இங்கே நிறைய உண்டு. என் வீடும் அவற்றில் ஒன்றாகத்தான் இருந்தது. வரும் உறவினரிடம் கேட்பதானால் 2009ஐப் போல ஏற்கெனவே இளகிய ஆண்டைக் கேளுங்கள். வந்த மாதத்திலேயே திறவுங்கள். 2010ஐ அங்கேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

நிலவறை 2010இல் ஒரு கிளாஸ் அளவு மிஞ்சியிருந்தது. தக்கையை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மத்தியானம் மச்சானும் நானும் பகிர்ந்து குடித்தோம். காற்றுப் பட்டு ஓர் இரவு கழிந்ததில் கயர்ப்பு பாதியாகியிருந்தது. அதன் அடியிலிருந்து, முதல் நாள் தலைகாட்டாத பழம் மெல்ல எழுந்து வந்தது. அடுத்ததை 2030க்கு முன் திறப்பதில்லை என்று மச்சான் சொல்லிவிட்டார்.