பழைய சேவிங் த்ரோவைப் புதிய விதிக்கு மாற்றியபோது: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடமாக ஒரே கேம்பெய்னை, அதாவது பகடையோடு மேசையில் ஆடும் ஒரு தொடர்கதை விளையாட்டை, நடத்தி வருகிறேன். கதை நடக்கும் நிலவறை, 1981-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளுக்காக எழுதப்பட்டது. ஆடுகிற ஐந்து பேருக்கும் தெரிந்ததோ 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு மட்டுமே. கவச எண்ணை மாற்றுவது சுலபம், பழையதை 19-லிருந்து கழித்தால் முடிந்தது. மாட்டிக்கொண்டது சேவிங் த்ரோவில்தான், அதாவது ஆபத்திலிருந்து தப்ப இருபது பக்கப் பகடையில் ஒரு குறித்த எண்ணையோ அதற்கு மேலோ போட வேண்டிய உருட்டலில். சுருக்கமாகச் சேவ்.

பழைய விதியில் ஐந்து கட்டங்கள் உண்டு: சாவுக்கதிர் அல்லது விஷம், மந்திரக்கோல், முடக்கம் அல்லது கல்லாதல், டிராகன் மூச்சு, மந்திரம். எந்த ஆபத்து வருகிறது என்பதுதான் கேள்வி. ஐந்தாம் பதிப்பில் ஆறு குணங்களுக்கும் ஆளுக்கொரு சேவ் இருக்கிறது. அந்த ஆபத்தை உங்களுடைய எந்தக் குணம் தாங்குகிறது என்று அது கேட்கிறது. முதல் மாதம் நான் பெயருக்குப் பெயர் மாற்றினேன். விஷத்துக்குக் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி), டிராகன் மூச்சுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), மந்திரத்துக்கு விஸ்டம் (விவேகம்). பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

முதல் அடி எங்கள் கிளெரிக்குக்கு, அதாவது பூசாரிப் பாத்திரத்துக்கு, விழுந்தது. பழைய அட்டவணையில் முதல் நிலைக் கிளெரிக் விஷத்திலிருந்து தப்ப 11 போதும், ஃபைட்டருக்கு, அதாவது போர்வீரருக்கு, 12 வேண்டும். தெய்வ நம்பிக்கை உள்ளவரை விஷம் அவ்வளவு எளிதில் கொல்லாது என்ற எண்ணம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. புதிய விதியில் ஃபைட்டருக்குக் கான்ஸ்டிடியூஷன் பயிற்சி (உருட்டலோடு கூடும் போனஸ்) உண்டு, கிளெரிக்குக்கு இல்லை. வரிசையே தலைகீழாகிவிட்டது. இப்போது விஷத்துக்கு மட்டும் கிளெரிக் விஸ்டமில் சேவ் போடலாம் என்று வைத்திருக்கிறேன். குள்ளர்களுக்கு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. பழையதில் முதல் நிலைக் குள்ளருக்கு விஷத்துக்கு 8, அதாவது 65 சதவீதம். புதிய விதி குள்ளர்களுக்கு விஷத்துக்கு எதிராக அட்வான்டேஜ் தருகிறது, இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஃபைட்டரின் 12-ஐயே அப்படிப் போட்டாலும் கிட்டத்தட்ட 70 வருகிறது.

எனக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆன விஷயம் வேறு. பழைய விதியில் எதிரி எவ்வளவு பெரியவன் என்பது சேவ் எண்ணைத் தொடுவதே இல்லை. உங்கள் நிலை ஏற ஏற நீங்கள் பத்திரமாகிறீர்கள், அவ்வளவுதான். 13-ம் நிலை ஃபைட்டர் மந்திரத்துக்கு எதிராக 8 போட்டால் தப்பிவிடுவார், 65 சதவீத வாய்ப்பு. ஐந்தாம் பதிப்பிலோ எதிரியின் எண்ணும் கூடவே ஏறுகிறது. 17-ம் நிலை மந்திரவாதியிடமிருந்து தப்ப வேண்டிய சேவ் எண் 19 வரை போகும். விஸ்டமில் பயிற்சியோ கூடுதல் புள்ளியோ இல்லாத ஃபைட்டர் 19 அல்லது 20 போட்டால்தான் தப்பிக்க முடியும், வெறும் பத்து சதவீதம். பதினாறு நிலை ஏறி வந்த வீரர் முதல் நாளில் இருந்ததைவிட எளிதாக வசியப்படுகிறார். எனக்கு இது மனதுக்கு ஒப்பவே இல்லை.

ஆகவே பயிற்சி இல்லாத சேவ்களுக்கும் பயிற்சி போனஸில் பாதியைக் கூட்டச் சொன்னேன். அந்தப் பத்து சதவீதம் 25 ஆனது. பழைய 65-க்குப் பக்கத்தில் வராது, ஆனால் பகடையைக் கையில் எடுக்கும்போதே முகம் வாடுவது நின்றது. எந்த மேசைக்கும் இந்த ஒரு மாற்றத்தைத் தயங்காமல் சொல்வேன்.

நடுவில் இரண்டு மாதம் ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசர்ட்ரி என்ற இன்னொரு விதிநூலின் பாணியில் எல்லா ஆபத்துக்கும் ஒரே சேவ் எண் வைத்தும் பார்த்தோம். ஆட்டம் வேகமாக ஓடியது. ஆனால் ரோக் (திருடன் பாத்திரம்) ஆடுகிறவர், பாய்ந்து விலகும் தன் திறமைக்கு இதில் இடமே இல்லை என்று வருத்தப்பட்டார். நியாயம்தான், விட்டுவிட்டோம்.

விஷத்தைத்தான் அதிக முறை திருத்தினேன். பழையதில் சேவ் தவறினால் சாவு. ஐந்தாம் பதிப்பின் ராட்சதச் சிலந்தி விஷமோ சராசரியாக ஒன்பது புள்ளி சேதம் தருகிறது, ஓர் இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அந்த விதியை அப்படியே வைத்த வாரங்களில் யாரும் பெட்டியைச் சோதிக்கவில்லை, நேராகத் திறந்தார்கள். நீளக் கழியால் தட்டிப் பார்ப்பது, கண்ணி எங்கே என்று கேள்வி மேல் கேள்வி கேட்பது எல்லாம் மேசையிலிருந்து காணாமல் போனது. அந்த எச்சரிக்கைதான் இந்த நிலவறையின் உயிர். ஐந்தாம் பதிப்பின் பசிலிஸ்க் என்ற மிருகம் ஒரே பார்வையில் கல்லாக்குவதில்லை. முதல் சேவ் தவறினால் உடம்பு விறைக்கும், அடுத்ததும் தவறினால்தான் கல். அந்த முறையை விஷத்துக்கு எடுத்துக்கொண்டேன். 12 வேண்டிய இடத்தில் ஒரே உருட்டலில் 55 சதவீதச் சாவு, இரண்டு உருட்டலில் ஏறக்குறைய 30. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு சுற்றில் மற்ற நால்வரும் மருந்து தேடி ஓடுவார்கள். எங்கள் மேசையின் நல்ல தருணங்கள் பல அந்த ஒரு சுற்றில் நடந்தவை.

டிராகன் மூச்சின் சேதத்தை மட்டும் மாற்றவில்லை. பழைய விதிப்படி டிராகனிடம் அந்த நேரத்தில் எவ்வளவு உயிர்ப்புள்ளி இருக்கிறதோ அவ்வளவு சேதம், சேவ் போட்டால் பாதி. அதனால் மூச்சு வருவதற்குள் அதைக் காயப்படுத்தியாக வேண்டும். அடுத்த மாதம் அந்தக் குகைக்குள் போகிறார்கள், இப்போதிருந்தே வில்லும் அம்பும் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.