சம்பளக் கணக்கை வெளியாரிடம் கொடுத்த ஒரு வெதுப்பகம்: திருகோணமலைச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

திருகோணமலை நகரின் நடுவில், மாடிப்படியேறிச் செல்லும் சிறிய அலுவலகம் ஒன்று, பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துவோருக்கு மாதாந்தச் சம்பளக் கணக்கை எழுதிக் கொடுக்கிறது. சம்பளப் பட்டியல், சம்பளச் சிட்டை, ஊழியர் சேமலாப நிதிக்கு மாதந்தோறும் கட்டும் பங்களிப்பைக் காட்டும் சி படிவம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான கொடுப்பனவு, விடுமுறைப் பதிவு ஆகியவை அவர்களுடைய வேலை. குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். தொழில் திணைக்களத்தின் சம்பளப் பரிசோதனை ஒன்றைச் சந்தித்து முடித்த பிறகே இதை எழுதுகிறேன். அதற்கு முன்னர் எழுதியிருந்தால் இந்த மதிப்பீடு அவர்களுடைய நேரந்தவறாமையைப் பாராட்டுவதோடு நின்றிருக்கும்.

நான் நடத்துவது உப்புவெளிப் பக்கத்தில் ஒரு வெதுப்பகம். பாண் சுடும் போறணையில் இரவு வேலை செய்வோர், கடை முகப்பில் விற்போர், பாட்டு ஒலிக்கத் தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோவில் அதிகாலையில் புறப்படுவோர் என மூன்று விதமானவர்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். மே மாதம் தொடங்கிச் செப்ரெம்பர் வரையில் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் ஆட்கள் நிறையும்போது பணிசும் அச்சுப் பாணும் இரட்டிப்பாகப் போவதால், அந்த மாதங்களுக்கு மட்டும் மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் மேலும் சிலரைச் சேர்த்துக்கொள்கிறேன். மா ஆலை சீனக்குடாவில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் மாவின் விலை எங்கள் கையில் இல்லை. விறகும் எரிவாயுவும் அப்படியே. ஆகவே, வருமானம் இறங்கும் மாதத்தில் ஒரு சிறு முதலாளியின் கை முதலில் நீளுவது சம்பளப் பக்கத்துக்குத்தான். இந்தச் சேவை எனக்குச் செய்த முதல் நன்மை, அந்தக் கை எவ்வளவு தூரம் நீளலாம், எந்த இடத்தில் சட்டம் தடுக்கிறது என்பதை இலக்கத்தில் காட்டியதுதான்.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோது மாதத்துக்கு 10,000 ரூபாவாக இருந்த தொகை, 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்துவிட்டது. 30,000 ரூபாச் சம்பளத்தில் ஊழியரிடமிருந்து 8 வீதமாக 2,400 ரூபாவைக் கழிக்கவேண்டும். முதலாளி தன் பங்காக 12 வீதம், அதாவது 3,600 ரூபாவைச் சேமலாப நிதிக்கும், 3 வீதமாக 900 ரூபாவை நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் செலுத்தவேண்டும். ஊழியரின் கைக்கு 27,600 ரூபா போகிறது. என் பையிலிருந்து 34,500 ரூபா போகிறது. இந்தக் கணக்கு எந்தக் கைப்பேசியிலும் ஒரு நிமிடத்தில் வரும். சேவைக்குப் பணம் கொடுக்க இது ஒரு காரணமன்று.

காரணம், அந்த 30,000 என்ற இலக்கம் எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், சம்பாத்தியம் என்று சொல்லும்போது அடிப்படைச் சம்பளத்தோடு நின்றுவிடுவதில்லை. வாழ்க்கைச் செலவுப் படியும், விடுமுறை நாளுக்கான சம்பளமும், முதலாளி கொடுக்கும் சமைத்த அல்லது சமைக்காத உணவின் பணப் பெறுமதியும், விற்பனைத் தரகும் அதற்குள் வருகின்றன. வெதுப்பகத்தில் வேலை செய்வோருக்கு மூன்று வேளைச் சாப்பாடு கொடுப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். அதை யாரும் சம்பளமாக நினைப்பதில்லை, கொடுக்கும் முதலாளியும் தருமம் செய்வதாகவே நினைத்துக்கொள்கிறார். சாப்பாட்டின் பெறுமதி மாதத்துக்கு 5,000 ரூபா என்று வைத்தால், நிதிகளுக்குக் கணக்கிடவேண்டிய தொகை 35,000 ரூபாவாகிறது. ஊழியரின் பங்கு 2,800, முதலாளியின் பங்குகள் 4,200, 1,050 என்று மாறுகின்றன. இதை முதல் மாதமே கேட்டு, கடையில் சமைக்கும் அரிசி, மரக்கறி, மீன் செலவை ஆட்களின் எண்ணிக்கையால் பிரித்து, ஒரு நியாயமான தொகையை எழுத்தில் வைத்தவர்கள் இவர்கள். நகரில் நான் முன்பு விசாரித்த வேறு இரண்டு கணக்காளர்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

சூன் பாண் ஓட்டோ ஓட்டுநர்களின் விடயத்திலும் இதே கவனத்தைக் கண்டேன். ஒருவர் தன் சொந்த ஓட்டோவில் வந்து, மொத்த விலைக்குப் பாண் வாங்கி, தான் விரும்பிய தெருவில் தன் இலாபத்துக்கு விற்றால் அவர் வாடிக்கையாளர். ஓட்டோ என்னுடையதாகி, புறப்படும் நேரத்தையும் போகும் வழியையும் நான் தீர்மானித்து, மிஞ்சிய பாணை மாலையில் நானே திருப்பி எடுத்துக்கொண்டு, விற்பனையில் இத்தனை வீதம் என்று கொடுத்தால், அவரைத் தரகு பெறும் ஊழியர் அல்லர் என்று சொல்லி நிற்பது கடினம். திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் இத்தொழிலில் இருக்கும் பலர் இரண்டாவது விதத்தில் ஆள் வைத்துக்கொண்டு முதலாவது விதத்தில் கணக்கு எழுதுகிறார்கள். இச்சேவையினர் ஓட்டோவின் பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

மாதாந்த நடைமுறை எளிமையானது. வரவுப் புத்தகத்தின் பக்கங்களை மாத முடிவில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சில நாட்களில் பட்டியலும் சிட்டைகளும் வருகின்றன. ஊழியரின் கையொப்பம் பெற்ற பிரதியை நான் கோப்பில் இடுகிறேன். சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டவேண்டும் என்பதால், அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னரே நினைவூட்டல் வந்துவிடும். பிந்தினால் முதல் பத்து நாளுக்குள்ளேயே 5 வீத மிகைக்கட்டணம். ஓராண்டைத் தாண்டினால் அது 50 வீதம். வங்கியில் கூடக் காணாத வட்டி இது.

அவர்கள் தாமாகவே எச்சரித்த இன்னொன்று, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒருவர் ஐந்து ஆண்டுகள் வேலை செய்து விலகும்போது, அதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதாவதொரு நாளில் அந்த இடத்தில் பதினைந்து பேர் வேலை செய்திருந்தால், முதலாளி பணிக்கொடை கொடுக்கவேண்டும். மாதச் சம்பளம் பெறுவோருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். நிரந்தர ஆட்கள் பதினைந்துக்குக் குறைவுதான் என்று நிம்மதியாக இருப்பவர், சுற்றுலாக் காலத்துக்காகச் சேர்த்த நால்வரால் அந்த எல்லையைக் கடந்துவிடுகிறார். கிழக்குக் கரையில் தொழில் செய்வோர் இந்த வரியை இரண்டு முறை வாசிக்கலாம்.

இனி, பரிசோதனை. தொழில் திணைக்களத்திலிருந்து வந்த கடிதம் வரவு இடாப்பு, சம்பளப் பதிவேடு, நியமனக் கடிதங்கள், சி படிவங்கள், பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஆயத்தமாக வைக்கும்படி கேட்டிருந்தது. யாருடைய முறைப்பாட்டினால் வந்தது என்று நான் தேடவில்லை. தேடினால் அடுத்த நாள் போறணைக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமற் போகும். கடிதம் வந்த செய்தி பரவியவுடன், நகரில் ஒருவர் மூன்றாண்டுப் புத்தகங்களை ஒரே இரவில் எழுதித் தருவார் என்று நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார். இப்படிப்பட்ட வேலையை இச்சேவையினர் எடுப்பதில்லை. வேறொரு கடைக்காரர் கேட்டபோது, இருக்கும் பதிவுகளை ஒழுங்குபடுத்துவோம், இல்லாததை எழுதமாட்டோம் என்று அங்கிருந்த அம்மையார் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அது ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. பல மாதத்துக் கையொப்பங்கள் ஒரே பேனையில், ஒரே சாய்வில், ஒரு எண்ணெய்க் கறையும் இல்லாமல் இருக்கும் வெதுப்பகப் புத்தகத்தை எந்த உத்தியோகத்தரும் நம்பமாட்டார்.

வந்த தொழில் உத்தியோகத்தர் மரியாதையாகவே நடந்துகொண்டார். பதிவுகளைப் பார்த்தபின், என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஊழியர்களிடம் தனித்தனியாகப் பேசினார்; அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. எத்தனை மணிக்கு வருகிறீர்கள், சிட்டையில் உள்ள தொகைதான் கைக்கு வருகிறதா, விடுமுறை எடுத்தால் வெட்டுகிறார்களா என்ற கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதிலும் பட்டியலும் பொருந்தின. முற்பணம் கொடுத்த நாளும் கழித்த நாளும் கையொப்பத்தோடு இருந்தது பெரிய உதவியாயிற்று. எங்கள் தொழிலில் தகராறு பெரும்பாலும் சம்பளத்தில் பிறப்பதில்லை. தைப்பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்னர் வாங்கிய முற்பணத்தில் பிறக்கிறது. வயதுக்கான சான்றையும் அவர் பார்த்தார். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டதிலிருந்து, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை கேட்டு வரும் பையன்களின் அடையாள அட்டைப் பிரதியைச் சேவையினர் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுகிறார்கள்.

குறை வெளிப்பட்ட இடம், மேலதிக நேரக் கணக்கு. பாண் போடுவோருக்கு, வெதுப்பகத் தொழிலுக்கான சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் நிர்ணயிக்கும் சம்பளச் சபையின் தீர்மானங்கள் பொருந்துகின்றன; கடை முகப்பில் இருப்போருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்துகிறது. முன்னதில் மணித்தியாலக் கூலியைக் காண மாதச் சம்பளத்தை 200ஆல் வகுக்கவேண்டும், பின்னதில் 240ஆல். 30,000 ரூபாவுக்கு ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கூலி முதலாவது முறையில் மணித்தியாலத்துக்கு 225 ரூபா, இரண்டாவது முறையில் 187 ரூபா 50 சதம். சேவையினரின் மென்பொருள் எல்லோரையும் 240இல் போட்டிருந்தது. மாதத்துக்கு நாற்பது மணித்தியாலம் மேலதிகமாக நிற்கும் ஒரு போறணைக்காரருக்கு இதனால் 1,500 ரூபா குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முப்பது கடைகளுக்கு ஒரே அச்சில் கணக்குப் போடும் எந்த நிறுவனத்திலும் வரக்கூடிய பிழைதான் இது. ஆனால், வெதுப்பகம் என்று தெரிந்தே வாடிக்கையாளரை ஏற்றவர்கள் இதைக் கவனித்திருக்கவேண்டும்.

பிழை வெளிவந்தபின் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மறுநாளே தொடர்புடைய மாதங்கள் அனைத்தையும் திருத்தி, ஆளுக்கு ஆள் நிலுவையைக் காட்டும் தாளை அனுப்பினார்கள். அந்த வேலைக்குக் கட்டணம் கேட்கவில்லை. நிலுவையைப் பகுதி பகுதியாகக் கொடுக்கலாமா என்று நான் கேட்டபோது, ஒரே தடவையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள் என்றார்கள், அப்படியே செய்தேன். மேலதிக நேரக் கொடுப்பனவு சேமலாப நிதிக்குரிய சம்பாத்தியத்தில் சேராததால் மிகைக்கட்டணம் ஏதும் வரவில்லை. பிழை சாப்பாட்டுக் கணக்கில் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். நிலுவைக்கான பணத்தை அவர்கள் தரவில்லை, தருவதாக ஒப்பந்தத்திலும் இல்லை. சட்டத்தின் முன் பொறுப்பாளி முதலாளி ஒருவரே. கணக்கை வெளியே கொடுக்கும் எவரும், தம் தொழிலுக்குச் சம்பளச் சபை இருக்கிறதா, யார் எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறார் என்ற ஒரு தாளையாவது முதல் மாதமே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. பௌர்ணமி விடுமுறை நாளில் வேலை செய்தோருக்கு ஒன்றரை நாட் சம்பளம் சேர்ப்பதை வரவுப் புத்தகத்தில் நான் சிவப்பால் குறித்தால்தான் போடுகிறார்கள். நாட்காட்டியில் உள்ள ஒன்றை வாடிக்கையாளர் நினைவூட்டவேண்டியதில்லை. மாதத்தின் கடைசி வாரத்தில் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு மனத்தாங்கலாக இருந்தது, சம்பளச் சிட்டை ஆங்கிலத்தில் மட்டும் வருவது. எங்கள் போறணையில் தமிழ் வாசிப்போரும் சிங்களம் வாசிப்போரும் இருக்கிறார்கள். ஆங்கிலம் வாசிப்போர் இல்லை. தன் கழிவு என்னவென்று வாசிக்கத் தெரியாத தாளில் ஒருவர் இடும் கையொப்பத்துக்கு என்ன பெறுமதி? பரிசோதனைக்குப் பின் பலமுறை கேட்டதன் பேரில், இப்போது தமிழிலும் சிங்களத்திலும் தலைப்புகளை இட்டுத் தருகிறார்கள்; எழுத்துரு சில இடங்களில் உடைந்து வருகிறது.

கட்டணம் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. என் அளவுள்ள வெதுப்பகத்துக்கு மாதக் கட்டணம், ஓர் உதவியாளருக்கு நான் கொடுக்கும் ஐந்து நாட் சம்பளத்தைவிடக் குறைவு; பருவகாலத்தில் ஆள் கூடும்போது சிறிது ஏறும். இரண்டு மூன்று பேரோடு, ஒரே சட்டத்தின்கீழ் நடக்கும் புடவைக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ இது தேவையில்லை. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்டால் படிவங்களை நிரப்பும் முறையைச் சொல்லிக் கொடுப்பார்கள். இரவு வேலை, சாப்பாடு, தரகு, பருவகால ஆட்கள் ஆகியவை கலந்த தொழிலுக்கு நான் இவர்களையே சொல்வேன், மேலே சொன்ன தாளை முதலில் வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு. நான் தொடர்கிறேன். முதன்முறை செல்வோர் ஊழியர்களின் அடையாள அட்டைப் பிரதிகள், நியமனக் கடிதங்கள், சேமலாப நிதிப் பதிவிலக்கம், கடைசி ஓராண்டு வரவுப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லவேண்டும். மாதத்தின் இரண்டாம் வாரத்தில் சென்றால் ஆறுதலாகப் பேச நேரம் கொடுப்பார்கள்.