சைலன்சரா, சஸ்பென்ஷனா: பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கில் எதற்குச் செலவழிப்பது?

ஏறக்குறைய ஒரே வயதுடைய இரண்டு 600 சிசி, நான்கு சிலிண்டர் வண்டிகள். கையில் ஏறக்குறைய ஒரே தொகை. நண்பன் தன் வண்டிக்கு முழு எக்ஸாஸ்ட் (இன்ஜினிலிருந்து சைலன்சர்வரை உள்ள புகைக்குழாய்கள்) வாங்கிப் பொருத்தி, இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியுவில் எரிபொருள் மேப்பையும், அதாவது எப்போது எவ்வளவு எரிபொருள் என்ற அட்டவணையையும், மாற்றிக்கொண்டான். நான் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் பின்பக்க அதிர்வுதாங்கியான ஷாக்கையும் பிரித்து எண்ணெய், சீல், ஸ்பிரிங் ஆகியவற்றை மாற்றினேன். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்குள் வண்டிகளை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டோம். நான் சஸ்பென்ஷன் கட்சி; அதை மறைத்து நடுநிலை வேடம் போட விருப்பமில்லை. அவன் வண்டி என்னுடையதைவிட அழகாக முழங்குகிறது என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்தப் போட்டிக்குள் நுழையும் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. டயர், செயின், குளிர்நீர் எல்லாம் எவருக்கும் தெரிந்தவை. பிரேக் ஆயிலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். டாட் 4 வகை ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அடுத்தது டேப்பெட், அதாவது இன்ஜின் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பது. யமஹா ஆர்6-க்கு 42,000 கிலோமீட்டர், சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600-க்கு 24,000 கிலோமீட்டர் என்று வண்டிக்கு வண்டி கணக்கு மாறும். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி குறுகிப்போன இன்ஜினில் மேப் மாற்றுவது, காய்ச்சலோடு இருப்பவனை ஓட்டப்பந்தயத்துக்குத் தயார்செய்வது போன்றது.

நண்பன் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். தொழிற்சாலையிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் கனமானது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஒலியடக்கும் அறைகள், சில வண்டிகளில் வால்வும் அதை இயக்கும் மோட்டாரும் சேர்ந்து அதைக் கனமாக்குகின்றன. முழுவதையும் கழற்றிவிட்டு மெல்லிய ஸ்டீல் அல்லது டைட்டானியம் குழாய்களைப் போட்டால் நான்கைந்து கிலோ குறையும். மேப்பையும் சரிசெய்தால் உச்சத்தில் சில குதிரைத்திறன் கூடும். அவன் வண்டியில், திறனை அளக்கும் இயந்திரமான டைனோ காட்டியது ஐந்து. கடைசித் துண்டான சைலன்சரை மட்டும் மாற்றுபவருக்குக் கிடைப்பது ஓசையும் எடைக்குறைப்பும்தான். திறனில் பெரிதாக எதுவும் வராது. மேப் மாற்றத்தில் உண்மையிலேயே எனக்குப் பிடித்தது வேறு. குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை மூடித் திறக்கும்போது வரும் அந்த வெட்டுதல் போய்விட்டது. புகைக்கட்டுப்பாட்டு விதிகளுக்காகக் காற்று மிகுந்த கலவையில் ஓடும் இன்ஜின்களில் இது பரவலான தொல்லை. நெரிசலில் அவன் வண்டி என் வண்டியைவிட இதமாக நகர்கிறது.

ஆனால் அந்த ஐந்து குதிரைத்திறன் எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் இன்ஜின் சுழற்சிக்கு மேலே. இந்த வகை வண்டிகள் முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடியவை. பொதுச்சாலையில் அந்தத் திறனைத் தொட வேண்டுமானால், ஒன்று சட்டத்தை மீற வேண்டும், இல்லையென்றால் சில நொடிகளில் ஆக்சிலரேட்டரை மூட வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்ட வண்டியைச் சாலையில் ஓட்டுவதே பல நாடுகளில் குற்றம் என்பது தனிக்கதை.

என் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவுமில்லை. பராமரிப்புதான். எக்ஸாஸ்ட் மாற்றம் வண்டிக்குப் புதிய வேலைகளைக் கொண்டுவருகிறது. சஸ்பென்ஷன் செலவோ, வண்டிக்கு நாம் ஏற்கெனவே வைத்திருந்த பாக்கியைத் தீர்க்கிறது. இந்த வேறுபாடு எனக்கு முதலில் புரியவில்லை; இரண்டையுமே ‘மேம்பாடு’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவைத்திருந்தேன்.

நண்பனின் கணக்கைப் பாருங்கள். பழைய குழாயைக் கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டில் இருந்த ஒரு ஸ்டட் (குழாயைப் பிடித்திருக்கும் திருகாணி) முறிந்தது. பல ஆண்டு வெப்பத்தில் இறுகிப்போன இரும்பு, அலுமினியத்தைவிட்டு எளிதில் வராது. துளையிட்டு எடுக்கவே ஒரு நாள் போயிற்று. வால்வு மோட்டாரின் கேபிளைக் கழற்றியதும் டேஷ்போர்டில் பிழை விளக்கு எரிந்தது. ஈசியுவில் அதையும் அணைக்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் ஹெட் இணைப்பில் மெல்லிய கசிவு. அங்கே உள்ளே போகும் வெளிக்காற்று ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும், ஆக்சிலரேட்டரை மூடும்போது பட்பட்டென்று வெடிக்கவும் செய்யும். சைலன்சருக்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு எரிந்து தீர்ந்துகொண்டே வருவதால் ஓசை மாதாமாதம் ஏறுகிறது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுப் பஞ்சு அடைக்க வேண்டும். பிறகு ஏர் ஃபில்டரை வேறு வகைக்கு மாற்றினான். மறுபடியும் டைனோ, மறுபடியும் மேப். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இழுத்துக்கொண்டு வருகிறது.

இனி என் பக்கம். 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு முதன்முறையாக ஃபோர்க்கைத் திறந்தோம். உள்ளேயிருந்து வந்ததை எண்ணெய் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது: அலுமினியத் துகளும் தேய்ந்த புஷ்ஷின் தூளும் கலந்த, நாற்றமடிக்கும் சாம்பல் நிறக் கழுநீர். இன்ஜின் ஆயிலை மட்டும் தவறாமல் மாற்றிவந்த நான் இதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஃபோர்க் மெல்ல மெல்லக் கெடுவதால் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. வீட்டிலேயே வளரும் பிள்ளை உயர்ந்திருப்பது விருந்தாளி சொல்லித்தானே தெரிகிறது! எனக்கும் அப்படித்தான். என் வண்டியை ஓட்டிவிட்டு இறங்கிய நண்பன், “பிரேக் பிடித்தால் முன்பக்கம் தலைகுப்புற விழுகிறதே” என்றபோதுதான் உறைத்தது.

அடுத்து ஸ்பிரிங். தொழிற்சாலை ஸ்பிரிங் ஏதோ ஒரு நடுத்தர எடைக்காரரை மனத்தில் வைத்துப் போடப்படுகிறது. உடுப்பு, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்தால் நான் 102 கிலோ. வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பதை இரண்டு விதமாக அளக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது உள்ள அளவிலிருந்து, வண்டி தன் எடைக்கு மட்டும் எவ்வளவு இறங்குகிறது என்பது ஒன்று. ஆள் ஏறி உட்கார்ந்தபின் மொத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது இன்னொன்று. சாலை ஓட்டத்துக்கு ஆளோடு சேர்ந்து 30 முதல் 40 மில்லிமீட்டர், பின்பக்கம் வண்டி மட்டும் 5 முதல் 10 மில்லிமீட்டர் என்பது பொதுவான வழிகாட்டி.

என் வண்டியின் பின்பக்கம் ஆளோடு 44 இறங்கியது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கிவைக்கும் பிரீலோடைத் திருகி அதை 32-க்குக் கொண்டுவந்தேன். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்போது வண்டி மட்டும் நின்றபோது இறங்கியது வெறும் 2 மில்லிமீட்டர். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை. வண்டி நிற்கும் உயரத்தை மட்டும் மாற்றுகிறது. ஆளோடு அளவு சரியாக இருந்து வண்டி மட்டும் இறங்கும் அளவு இல்லாமல் போனால், ஸ்பிரிங் கடினம் என்றுதான் தோன்றும். உண்மையில் அது மிகவும் மிருது என்று பொருள். மிருதுவான ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி நெருக்கி வைத்திருக்கிறோம். மேட்டைத் தாண்டி இறங்கும் இடத்தில் சக்கரம் சாலையைத் தொடர்ந்து கீழே இறங்க இடமே இருக்காது. பத்து விழுக்காடு கடினமான ஸ்பிரிங் போட்டதும் ஆளோடு 33, வண்டி மட்டும் 6 என்று வந்து நின்றது. ஓர் அளவுநாடாவும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

பின் ஷாக்கை வீட்டில் பிரிக்க முயலாதீர்கள். உள்ளே எண்ணெயை அழுத்திப் பிடிக்க நைட்ரஜன் வாயு உயர் அழுத்தத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது. அதற்கான கருவி வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். ஆனால் ஷாக்கைச் சுமக்கும் லிங்கேஜின் ஊசி பேரிங்குகளை நீங்களே கழுவிக் கிரீஸ் வைக்கலாம். என் வண்டியில் இரண்டு பேரிங்குகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. அதே நிலையில் உலகின் விலையுயர்ந்த ஷாக்கைப் பொருத்தியிருந்தாலும் அது பாதிதான் வேலைசெய்திருக்கும். ஓர் எச்சரிக்கை: வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மைத்தான் தாங்குகிறது. அதில் நிறுத்திவிட்டு லிங்கேஜைக் கழற்றினால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். சட்டகத்தைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும்.

பலன் என்ன? வளைவுக்குள் பிரேக்கை மெல்ல விடும்போது முன்பக்கம் முன்பு துள்ளி எழும். இப்போது தானாக, நிதானமாக எழுகிறது. வளைவின் நடுவே தார் ஒட்டுப்போட்ட இடங்களில் ஹேண்டில் உதறுவதில்லை. இவை மணிக்கு 60 கிலோமீட்டரிலும் தெரிகின்றன. பத்தாயிரம் சுழற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பின் டயர் முன்பு 5,000 கிலோமீட்டரில் தேய்ந்தது, இந்த முறை 6,500 வந்தது. ஆனால் இடையில் டயர் வகையையும் மாற்றினேன், நெடுஞ்சாலை ஓட்டமும் கூடியது. எனவே அதற்கான முழுப் புகழையும் ஸ்பிரிங்குக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

தயாரிப்பாளர்களும் இந்த இடத்தில்தான் மெனக்கெட்டிருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர் வண்டியில் வந்த ஷோவாவின் பெரிய பிஸ்டன் ஃபோர்க், பிஸ்டனின் விட்டத்தைப் பெரிதாக்கி உள் அழுத்தத்தைக் குறைத்தது. மெதுவான அசைவுகளையும் கட்டுக்குள் வைப்பதுதான் நோக்கம். அத்தனை நுணுக்கமும் கெட்டுப்போன எண்ணெயில் வீணாகிறது.

மறுவிற்பனையைப் பற்றி நீட்ட வேண்டாம். எதிலும் போட்ட பணம் திரும்பாது. மாற்றப்பட்ட எக்ஸாஸ்டைப் பார்த்ததும், இந்த வண்டியைக் கண்டபடி விரட்டியிருப்பார்கள் என்று வாங்க வருபவர் நினைக்கிறார். பழைய குழாய்களைப் பத்திரமாக வைத்திருந்தால் திரும்பப் பொருத்திவிட்டு, புதியதைத் தனியே விற்கலாம். ஸ்பிரிங் மாற்றியது யாருக்கும் கண்ணில் படாது. என் எடைக்காரர் வந்தால் அவருடைய அதிர்ஷ்டம்.

எனக்கு அனுபவம் குறைந்த இடங்களும் உண்டு. ஃபோர்க்கின் உள்ளமைப்பையே மாற்றும் கார்ட்ரிட்ஜ் கிட் பொருத்திய வண்டியை ஒரே ஒரு மாலைதான் ஓட்டியிருக்கிறேன். பிரமாதமாக இருந்தது, ஆனால் என்னுடைய செலவைப்போல் பலமடங்கு தந்திருப்பார் அதன் உரிமையாளர். அந்த வித்தியாசத்துக்கு அது தகுமா என்று ஒரு மாலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மின்னணு சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு நான் எழுதியது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதந்தோறும் டிராக்கில் ஓட்டி, நேர்கோட்டின் முடிவில் பத்தில் ஒரு நொடியைத் தேடுபவருக்கு நண்பனின் வழியில் நியாயம் அதிகம் இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் சஸ்பென்ஷனை முன்பே சரிசெய்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

செய்வதென்று முடிவெடுத்தால் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் அசைவைக் கட்டுப்படுத்தும் டேம்பிங் திருகை முழுவதும் மெதுவாக மூடி, எத்தனை கிளிக் திறந்திருந்தது என்று முதலில் எழுதிவிட்டு, பழைய இடத்துக்கே திருப்பிவையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், இரண்டு கிளிக் மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். நான் முதல் வாரத்தில் மூன்று திருகுகளை ஒன்றாகத் திருகிவிட்டு, எது கெடுத்தது என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்கினேன். ஃபோர்க் எண்ணெயை இனி 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதாகத் திட்டம்.

போன வாரம் நண்பனின் வண்டியில் இடது ஃபோர்க் சீல் கசிய ஆரம்பித்திருக்கிறது. கீழே இருக்கும் பிரேக் காலிப்பர்வரை எண்ணெய் வழிந்திருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்து பிரிக்கப்போகிறோம். சைலன்சரை மட்டும் கழற்றச் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறான். நானும் கேட்பதாக இல்லை.