மன்சி 4-ஸ்பீடுக்கு கியர் லிங்கேஜ்: பழைய அசலா, புது நகலா, ஹர்ஸ்ட் கிட்டா?

'1969 கமாரோவுக்குப் பொருந்தும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ராட் செட்டை, அதாவது கியர் கம்பையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் லிங்கேஜை, வாங்காதீர்கள். லிங்கேஜ் பொருந்த வேண்டியது முதலில் கியர் பாக்ஸுக்கு, பிறகுதான் காருக்கு. ஐம்பது வருடம் தாண்டிய காரில் கியர் பாக்ஸ் ஒரு முறையாவது மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே எந்த வழியில் போவது என்று யோசிக்கும் முன் காரை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்து, இருப்பது என்ன பாக்ஸ் என்று பாருங்கள்.

பக்கவாட்டு மூடியின் போல்ட்டுகளை எண்ணுங்கள். இந்தக் கார்களில் வரும் 4-ஸ்பீடு பாக்ஸ்களில் மன்சிக்கு 7, போர்க் வார்னர் டி-10க்கு 9. சாகினா என்ற இன்னொரு பாக்ஸுக்கும் 7தான் என்பதால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ரிவர்ஸ் லீவர் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாகினாவில் மூன்று லீவர்களும் மூடியிலேயே இருக்கும், கேஸும் இரும்பு. மன்சியில் மூடியில் இரண்டு லீவர்தான். ரிவர்ஸ் லீவர் பின்னால் டெயில் ஹவுசிங்கில் இருக்கும், கேஸ் அலுமினியம். சாகினாவின் ரிவர்ஸ் ராடை வளைத்து மன்சியில் மாட்டப் பார்ப்பது வீண் வேலை. அது போய்ச் சேர வேண்டிய இடமே வேறு.

மன்சிதான் என்று உறுதியானால் கேஸில் உள்ள வார்ப்பு எண்ணைத் துடைத்துப் படியுங்கள். 3925661 என்றால் 1970–74 காலத்துக் கேஸ். முத்திரை எண் 'பி' (P) எழுத்தில் தொடங்கும். 1969 முதல் அதன் கடைசியில் வரும் ஏ, பி, சி (A, B, C) ஆகியவை முறையே எம்20, எம்21, எம்22 வகைகளைச் சொல்லும். பல் விகிதம் தெரிய இது உதவும். லிங்கேஜுக்கு இதைவிட முக்கியம் லீவர் மாட்டும் ஷாஃப்ட்டின் முனை. 1968 வரை மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், லீவரை மாட்டி நட் போட வேண்டும். 1969 முதல் மரை உள்ளே போய்விட்டது, லீவரைப் போல்ட் பிடிக்கும். இந்த இரண்டின் லீவர்களும் ஒன்றுக்கொன்று சேராது. மூடியும் டெயில் ஹவுசிங்கும் தனித்தனியாக மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், ஒரே பாக்ஸில் முன்னால் ஒரு வகையும் ரிவர்ஸில் இன்னொரு வகையும் இருப்பதற்கும் இடம் உண்டு. மூன்று முனைகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வழிகளுக்கு வருவோம்.

பழைய அசல் செட்டின் பெரிய பலம் வளைவு. தொழிற்சாலையில் வளைத்த கோணம் அந்த பாடிக்கும் அந்த ஷிஃப்டருக்கும் (கியர் கம்பு உட்காரும் அமைப்பு) சரியாக இருக்கும். கமாரோ, ஷெவெல், கார்வெட் மூன்றிலும் ஷிஃப்டர் உட்காரும் இடம் வேறு, அதனால் ராடின் நீளமும் வேறு. பலவீனம் தேய்மானம். துளைக்குள் போகும் ராடின் ஊசி முனையை வெர்னியர் அளவுகோலில் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப் போகாவிட்டால் அது முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டது. லீவரின் துளையையும் அப்படியே அளக்க வேண்டும். துளையை வெல்டு நிரப்பி மறுபடி துளையிடலாம். ஊசி தேய்ந்த ராடை ஒதுக்கிவிடுவதே நல்லது.

மூன்று ராடுக்கு ஆறு மூட்டு. ஆகவே ஆறு புஷ் (மூட்டின் துளைக்குள் உட்காரும் சிறு வளையம்), ஆறு கிளிப். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். கியர் கம்பின் நெம்பு விகிதம் 6:1 என்றால், கீழே 1 மி.மீ. ஆட்டம் கைப்பிடியில் 6 மி.மீ. ஆகத் தெரியும். பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பலர் பயப்படும் லொடலொடப்புக்குப் பல நேரம் காரணம் இந்த ஆறு புஷ்கள்தான்.

புதிதாகச் செய்த நகல் ராடுகள் பார்க்க அழகு. வளைவு சில பாகை தப்பியிருக்கலாம், முலாம் தடித்துத் துளை இறுகியிருக்கலாம். பழைய ராட் ஒன்றாவது கையில் இருந்தால் மேசையில் இரண்டையும் அருகருகே வைத்து, ஊசி நடுவிலிருந்து ஊசி நடுவரை அளந்து ஒப்பிடுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாதவருக்கு இந்த வழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஷாஃப்ட் முனை நட் வகையா போல்ட் வகையா என்று சொல்லாத விற்பனையாளரிடம் வாங்கவும் வேண்டாம்.

மூன்றாவது, ஹர்ஸ்ட் நிறுவனத்தின் காம்பெடிஷன் பிளஸ் ஷிஃப்டரோடு முழு கிட். லீவர், ராட், புஷ், கிளிப் எல்லாம் ஒன்றுக்காக ஒன்று செய்தவை. கலப்புப் பாகங்களோடு மல்லுக்கட்டுபவருக்கு என் தேர்வு இதுதான். 1969 கமாரோவின் 4-ஸ்பீடில் தொழிற்சாலையே ஹர்ஸ்ட் ஷிஃப்டரைத்தான் போட்டது, ஆகவே அங்கே இது அந்நியமும் அல்ல. கிட் கேட்கும்போது பாக்ஸ் வகை, காரின் மாடல், வருடம், கன்சோல் (முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டி) உண்டா இல்லையா என்ற நான்கையும் சொல்லுங்கள். கம்பு தனியாக வரும். கன்சோல் காருக்கும் கன்சோல் இல்லாத காருக்கும் அதன் வளைவு மாறும்.

புஷ்ஷில் நைலானா ஸ்டீலா என்ற கேள்வி எல்லா வழியிலும் வரும். நைலான் சத்தம் போடாது, ஆனால் ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாய் பக்கத்தில் இருந்தால் சூட்டில் இளகும், வயதானால் வெடிக்கும். ஸ்டீல் துல்லியம், கிரீஸ் காய்ந்தால் கிணுகிணுக்கும். ஹெடர் உள்ள காருக்கு ஸ்டீல், தினசரி ஓட்டும் காருக்கு நைலான். ஹெடருக்கு இடம் விட ராடைச் சூடாக்கி வளைப்பவர்கள், அதில் நீளம் குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் சரிசெய்தல் தவறினால் பலன் இல்லை. ஹர்ஸ்டில் முறை இது: பாக்ஸின் மூன்று லீவர்களையும் நியூட்ரலில் வையுங்கள். ஷிஃப்டர் லீவர்களின் துளைகள் நேர் வரும்போது 1/4 அங்குலக் கம்பியை ஊடே செருகுங்கள். ராட் முனையின் திருகு பட்டனைச் சுற்றி, அது புஷ்ஷுக்குள் தானாக நழுவி இறங்கும் நீளத்துக்குக் கொண்டு வாருங்கள். நெம்பித் தள்ளி நுழைத்தால் நீளம் தப்பு. கம்பியை உருவிய பிறகு, கம்பின் ஓட்டத்தை நிறுத்தும் ஸ்டாப் போல்ட்டுகளைப் பின்வாங்கி வைத்து 3-வது கியரில் கம்பை அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பக்கப் போல்ட்டைத் தொடும் வரை திருகி, ஒரு சுற்றுப் பின்வாங்கி, லாக் நட்டை இறுக்குங்கள். மறுபக்கம் 4-வது கியரில் அதே மாதிரி.

ராட் நீளம் தப்பினால் கியர் பாதிதான் விழும். ஓடும்போது தெறித்து வெளியே வரும், பாக்ஸுக்குள் கியரைப் பூட்டும் ஸ்லீவின் பற்கள் முனை மழுங்கும். ஸ்டாப் போல்ட்டைத் தூரமாக விட்டால், வேகமாகக் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அடி, அந்த ஸ்லீவைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க்கில் விழும். இரண்டு கியரில் ஒருசேர மாட்டி பாக்ஸ் இறுகிப்போனால் உடனே பிரிக்காதீர்கள். ராடுகளைக் கழற்றி, மூடியில் உள்ள இரண்டு லீவர்களையும் கையால் நியூட்ரலுக்குத் திருப்பிப் பாருங்கள். விடுபட்டால் கோளாறு வெளியே, லிங்கேஜில் இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி 1/4 அங்குலக் கம்பியிலிருந்து தொடங்குங்கள்.